லோர்ன் ஹாப்பலாவின் தனிச்சுற்று

லோர்ன் ஹாப்பலாவுக்கு முப்பத்து நான்கு வயதில் 'வருடத்தின் நம்பிக்கைக்குரிய புதுமுகம்' என்ற விருதைக் கொடுத்தார்கள். அப்போது அவனுக்கு முன்வரிசையில் மூன்று பற்கள் கிடையாது, இடது முட்டியில் ஜவ்வு கிடையாது, தலையில் முடியும் பெரிதாகக் கிடையாது. விருதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். வேறென்ன செய்வான், பாவம்.

இதை நான் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. கெட்டில் பே ஸ்டர்ஜன்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களை வானொலியில் வர்ணிக்கிற மெர்வ் டக்வொர்த் நான்தான். காகித ஆலையை மூடிய பிறகு எங்கள் ஊரில் மிச்சமிருப்பவை ஏரி, குளிர், ஸ்டர்ஜன்ஸ். முதல் இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது.

ஸ்டர்ஜன்ஸ் ஒரு கீழ் அணி. தெற்கே பெருநகரத்தில் எங்களுக்கொரு மேல் அணி இருக்கிறது. அது பெரிய லீகில் ஆடுகிறது. மேலே ஒருவனுக்குக் கால் முறிந்தால் இங்கிருந்து ஒருவனைக் கூப்பிடுவார்கள். முறிந்த கால் ஒட்டியதும் திருப்பி அனுப்புவார்கள். மற்ற நாட்களில் வாங்குவது, விற்பது, கைமாற்றுவது எல்லாம் நடக்கும். எங்கள் பொது மேலாளர் கார்த் பெண்டில்பரி இந்த ஏற்பாட்டைக் குடும்பம் என்பார். ஒவ்வொரு ஆட்டப் பருவத் தொடக்கத்திலும் ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் பேசுவார்.

"இங்க யாரும் சம்பளத்துக்கு ஆடலப்பா. இது குடும்பம். குடும்பத்துல ஒருத்தன விக்கிறப்போ எனக்கு எப்படி வலிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் மட்டும் பதினாலு தடவ வலிச்சுது."

சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். கோட்டின் அந்தப் பக்கத்தில்தான் அவருடைய கைபேசி இருக்கும்.

லோர்ன் இடது ஓரத்து ஆட்டக்காரன். கோல் போடுகிறவன் இல்லை. பக் என்கிற அந்த ரப்பர் தட்டு மூலைக்குப் போனால் பின்னாலேயே போவான். அங்கே அவனைவிடப் பெரிய ஒருவன் அவனைத் தளத்தைச் சுற்றியிருக்கும் தடுப்புப் பலகையோடு வைத்து அரைப்பான். அரைபட்டபடியே பக்கைக் காலால் தள்ளி எடுத்து வேறொருவனிடம் கொடுப்பான். அந்த வேறொருவன் கோல் போட்டுப் பெரிய லீகுக்குப் போய்விடுவான். இந்தத் தொழிலை டெக்சஸில் செய்தான், அலாஸ்காவில் செய்தான், ஜெர்மனியில் பெயர் வாயில் நுழையாத ஒரு ஊரில் செய்தான். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. அது டெக்சஸுக்கும் அலாஸ்காவுக்கும் இடையில் எங்கோ தொலைந்துபோனது. ஒருமுறை ஓர் அணி அவனைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய பஸ்ஸை வாங்கிக்கொண்டது. "அந்த பஸ் இன்னும் ஓடுதுங்க மெர்வ், நானும் ஓடுறேன். யாருக்கும் நஷ்டம் இல்ல" என்பான்.

கடைசியில் சொந்த ஊரான கெட்டில் பேவுக்கு வந்து சேர்ந்தான். அப்பா அர்வோவுக்காக வந்தான் என்பது ஊருக்கே தெரியும். அர்வோ ஹாப்பலா காகித ஆலையில் வெளுப்புப் பிரிவில் ஆயுளைக் கழித்தவர். காகிதத்தை வெளுக்கிற குளோரின் அவருடைய நுரையீரலில் குடியேறிவிட்டது. எங்கள் ஊர் ஃபின்லாந்துக்காரர்கள் எல்லோரையும்போல அவரும் வீட்டுக்குப் பின்னால் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறை ஒன்றைக் கட்டியிருந்தார். மேல்படிச் சூடு நெஞ்சுக்கு ஆகாமல்போனதும் கீழ்ப்படியில் உட்கார ஆரம்பித்தார். சனிக்கிழமைகளில் நான் மேல்படியில் வேர்த்துக்கொண்டிருக்க, அவர் கீழே இருமிக்கொண்டிருப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடியும்.

"ஒரே ஒரு ஷிஃப்ட் போதும்டா மெர்வ். பெரிய லீகுல அவன் பலகையத் தாண்டிக் குதிச்சு உள்ள போறத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும். அப்புறம் என்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டுல போட்டாக்கூடச் சந்தோஷமாப் போவேன்."

ஷிஃப்ட் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பெஞ்சிலிருந்து இறங்கி, மூச்சு முட்ட ஓடி, திரும்ப வந்து உட்காருகிற நாற்பது வினாடி. ஆட்டத்தில் ஒவ்வொருவனும் அப்படி இருபது முறையாவது இறங்குவான். அர்வோ கேட்டது அதில் ஒன்று.

முதல் அழைப்பு வந்தது லோர்னுக்கு முப்பத்திரண்டு வயதில். மேலே ஒருவனுக்குக் காய்ச்சல். லோர்ன் விமானத்தில் போனான். நானும் அர்வோவும் என் வண்டியில் விடிகாலையில் கிளம்பி நாள் முழுக்க ஓட்டிக்கொண்டு போனோம். அர்வோ வழியெல்லாம் பேசவே இல்லை, பெட்ரோல் போட நிறுத்தினபோதுகூட இறங்கவில்லை.

பெரிய லீகில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அணி பனித்தளத்தில் இறங்கும்போது, முதல் ஆட்டம் ஆடப்போகிறவனை மட்டும் முன்னால் விட்டுவிட்டு மற்றவர்கள் வாசலிலேயே நின்றுகொள்வார்கள். அவன் தலைக்கவசம் இல்லாமல், எல்லோரும் முகத்தைப் பார்க்கும்படி, தன்னந்தனியாகச் சுற்றிவருவான். பெற்றவர்கள் தளத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்று அழுவார்கள். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். லோர்னின் வழுக்கை அரங்கத்தின் பெரிய திரையில் பளபளக்க, அர்வோ கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு நின்றார். நானும் அழுதேன்.

சுற்றி முடித்து உள்ளே போனபோது காய்ச்சல்காரன் சூப் குடித்து எழுந்து உட்கார்ந்திருந்தான். லோர்னைக் கோட்டு மாட்டச் சொல்லி மேல்மாடத்தில் பத்திரிகைக்காரர்களோடு உட்காரவைத்தார்கள். கையில் சோளப்பொரி கொடுத்தார்கள். சூடேற்றிக்கொள்வது ஆட்டக் கணக்கில் வராது. அவன் பெரிய லீகில் ஆடாதவனாகவே போனான், ஆடாதவனாகவே வந்தான்.

திரும்பும்போது அர்வோ ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "போகட்டும், வழி தெரிஞ்சுபோச்சு."

அடுத்த மாதமே மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை லோர்ன் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கப் பார்த்தான். மேல் அணியின் மரபுத் துறை இயக்குநர் வாசலில் கையை நீட்டி மறித்தார். அப்படி ஒரு துறை இருக்கிறது. டிரிஸ்டன் ஓக்ஸ் என்று ஒரு பொடியன் அதற்கு இயக்குநர். ஸ்கேட்ஸ் கட்டத் தெரியாது.

"நீங்க தனியாத்தான் சுத்தணும் மிஸ்டர் ஹாப்பலா."

"போன மாசம்தான் சுத்தினேனே தம்பி."

"ஆட்டம் ஆடலையே. ஆடாதவர் புதுசு. புதுசா வர்றவர் தனியாத்தான் சுத்தணும். மரபு."

"என்னை ஆட விட்டீங்கன்னா பழசாயிடுவேன். இந்தத் தொல்லையே இருக்காது."

"அது பயிற்சியாளர் துறைங்க. எங்க துறை சுத்துற வரைக்கும்தான்."

சுற்றினான். வாசலில் நின்ற பையன்கள் மட்டைகளால் பலகையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அவர்களில் ஒருவனுடைய அப்பாவோடு லோர்ன் அலாஸ்காவில் ஆடியிருக்கிறான். அன்று ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால் பயிற்சியாளருக்கு ஒரு கனமான ஆள் தேவைப்பட்டது. லோர்னுக்குக் கனம் போதவில்லை. மேல்மாடம், கோட்டு, சோளப்பொரி.

மூன்றாவது முறைக்குப் பிறகு கூட்டத்துக்கு இது பிடித்துப்போய்விட்டது. லோர்ன் சுற்றுகிற நாட்களில் ஜனங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார்கள். முன்னதாக வந்தவர்கள் முன்னதாகவே பீர் குடித்தார்கள். இதை யாரோ ஒரு புண்ணியவான் வரைபடமாகப் போட்டு மேலிடத்துக்குக் காட்டினான். அதற்குப் பிறகு சுற்றுக்கு ஒரு சைலென்சர் கடை விளம்பரதாரர் ஆனது. அவன் சுற்றும்போது ஒலிபெருக்கியில், "சத்தமில்லாமல் சுற்றுகிறார் லோர்ன் ஹாப்பலா! வழங்குவோர் டூவால் சகோதரர்கள் சைலென்சர்!" என்று அறிவித்தார்கள். குழந்தைகளுக்கு வழுக்கைத் தொப்பி விற்றார்கள். அதற்கடுத்த பருவத்தின் முடிவில்தான் அந்தப் புதுமுக விருது.

அர்வோ எல்லாச் சுற்றுக்கும் வந்தார். பிறகு ஆக்சிஜன் உருளையோடு வந்தார். சக்கரம் வைத்த அந்த உருளையைக் கண்ணாடிவரை இழுத்துக்கொண்டு போய் நிற்பார். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி உள்ளங்கைகளைப் பதிப்பார். ஒருமுறை வழுக்கைத் தொப்பி போட்ட ஒருவன் அவரிடம், "பெரியவரே, இந்த ஆளு சூப்பர் காமெடி, இல்ல?" என்று கேட்டான். "ஆமாங்க" என்றார் அர்வோ. அதைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

ஒரு நாள் லோர்ன் பெண்டில்பரியின் அறைக்குப் போனான். வாராந்திரப் பேட்டிக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு நானும் அங்கே இருந்தேன். பெண்டில்பரி என்னை வெளியே போகச் சொல்லவில்லை. தான் பேசுவதை யார் கேட்டாலும் அவருக்குச் சந்தோஷம்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என்னை ஏன் கூப்பிடுறாங்க? ஆட விடுற எண்ணம் இல்லேன்னா வேற யாரையாவது கூப்பிடலாமே."

"லோர்ன், உக்காரு. உன்கிட்ட நான் மறைக்க மாட்டேன், நீ குடும்பம். ஒரு சின்னப் பையனைக் கூட்டிட்டுப் போய்ச் சும்மா உக்கார வெச்சா அவனோட வளர்ச்சி கெட்டுப்போயிடும். மனசு ஒடிஞ்சுபோயிடும். அது அணியோட சொத்து, வீணடிக்க முடியாது. உன்னை உக்கார வெச்சா எதுவும் கெடாது. ஆடாம இருக்கிறதுல இந்த லீகுலேயே உன்னை அடிச்சுக்க ஆளில்ல. அது ஒரு திறமை. அதை நாங்க மதிக்கிறோம்."

"எங்கப்பா பாக்கணும்னு சொல்றார் சார். ஒரே ஒரு ஷிஃப்ட்."

"அப்பாவா! அற்புதம். அவரை ஏன் இன்னும் விளம்பரத்துல போடல?" என்று சொல்லிவிட்டுப் பெண்டில்பரி எதையோ குறித்துக்கொண்டார். அப்புறம் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "ஒரு நாள் நீ ஆடிட்டேன்னு வை, அப்புறம் உன்னால சுத்த முடியாதுப்பா. அதையும் யோசி."

லோர்ன் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். "பையனா இருந்தா மனசு ஒடிஞ்சுடுமாம் மெர்வ்" என்று மட்டும் சொன்னான். அவன் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில் அர்வோ மருத்துவமனையில் படுத்தார். நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லோர்ன் பயிற்சி முடிந்ததும் நேராக வந்து கட்டிலருகே உட்காருவான்.  இருவரும் ஜன்னல் வழியாக உறைந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மீன் பிடிக்க ஏரிப் பனியில் துளை போடுகிறவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை அங்கேயே அழைப்பு வந்தது. மேலே ஒருவனுக்குப் பாத எலும்பு முறிவு. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம்.

"இந்தத் தடவ வரல சார்" என்றான் லோர்ன்.

அறை முழுக்கக் கேட்கும்படி பெண்டில்பரி கைபேசியில் பேசினார். "இந்தத் தடவ நிச்சயம்ப்பா! பயிற்சியாளரே பேரச் சொல்லிக் கேட்டார். நாலாவது வரிசையில இடது ஓரம், நீதான்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"குடும்பத்துக்குள்ள எழுத்தா? என்னப்பா நீ, மனசு கஷ்டமாயிருக்கு."

லோர்ன் கைபேசியை அணைக்கப் போனான். அர்வோ ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"போடா."

"உங்கள இப்படி விட்டுட்டு எப்படிப்பா?"

"நீ இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்தா எனக்கு நுரையீரல் முளைக்குமா? போ. மெர்வ் இருக்கான். டிவி இருக்கு."

"மறுபடியும் சுத்த விட்டுட்டு உக்கார வெச்சுட்டாங்கன்னா?"

அர்வோ மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "எனக்கு இன்னொரு வாரம் இருந்தா, இந்தத் தடவ போகாதேன்னு சொல்லியிருப்பேன்."

அவன் குனிந்து அப்பாவின் நெற்றியில் உதட்டை வைத்தான். போய்விட்டான்.

மறுநாள் மூன்று மணிக்கு முன்பே டிவியைப் போட்டோம். லோர்ன் சுற்றினான். சைலென்சர் விளம்பரம் வந்தது. முகமூடியின் ஆவியில் அர்வோவின் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. எவ்வளவு தெரிந்ததோ, கண்ணை மூடிக்கொண்டார்.

"டிவியில பேசுற ஆளோட குரல் சகிக்கல. சத்தத்தக் குறைச்சுடு மெர்வ். நீயே சொல்லு."

சத்தத்தை அடைத்தேன். தேசிய கீதம் முடிந்தது. பெஞ்சை ஒவ்வொரு முகமாகத் தேடினேன். லோர்ன் இல்லை. திரையின் கீழே எழுத்து ஓடியது: தடுப்பாட்டத்துக்கு ஒருவரைக் கூடுதலாக இறக்குகிறார்கள், முன்வரிசையில் ஒருவர் குறைவு, ஹாப்பலா ஆடவில்லை. கேமரா ஒரு நொடி மேல்மாடத்துக்குப் போனது. கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கைக்காரர் அவனிடம் சோளப்பொரி நீட்டினார்.

"இறங்கிட்டானா?" என்றார் அர்வோ, கண்ணைத் திறக்காமல்.

இத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஒன்றை வர்ணித்ததில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டேன். அப்புறம் என் வானொலிக் குரல் தானாக வந்தது.

"இதோ, மாத்துறாங்க. நாலாவது வரிசை. ஹாப்பலா காலத் தூக்கிட்டான், பலகையத் தாண்டிட்டான், உள்ள இறங்கிட்டான்! இடது ஓரத்துல போறான். பக் மூலைக்குப் போகுது, அவனும் போறான். பின்னாடி ஒரு மலை மாதிரி ஆளு வர்றான். இடிச்சுட்டான்! கண்ணாடியே அதிருது! ஹாப்பலா விழல. கால் நடுவுல பக்கை வெச்சுக்கிட்டான்..."

அர்வோவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பாக இருந்தாலும் பிடி பலமாக இருந்தது.

"மெர்வ்."

"சொல்லு அர்வோ."

"கோல் மட்டும் போட வெச்சுடாதடா. அவன் போட மாட்டான்."

 நான் நிறுத்தவில்லை, நிறுத்த அவர் விடவில்லை, கை அப்படிப் பிடித்திருந்தது. "...பக்கைத் தள்ளி எடுத்துட்டான், நடுவுல ஆள் தனியா நிக்கிறான், அவன்கிட்ட கொடுத்துட்டான். அடிச்சான்! கோல்காவலன் பிடிச்சுட்டான். கோல் இல்ல. விசில். ஹாப்பலா பெஞ்சுக்குத் திரும்புறான்."

"வந்து உக்காந்துட்டானா?"

"உக்காந்துட்டான்."

"மூச்சு வாங்குறானா?"

"நல்லா வாங்குறான்."

"ம். வாங்கட்டும்."

 இரண்டாம் பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அர்வோ ஹாப்பலா இறந்துபோனார். என் மணிக்கட்டிலிருந்து அந்த விரல்களை நர்ஸ்தான் ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

செய்தி போய்ச் சேர்ந்ததும் பெண்டில்பரி எனக்கு போன் செய்தார். குரல் உடைந்திருந்தது, உடைக்கத் தெரிந்தவர். "குடும்பத்துல ஒருத்தரை இழந்துட்டோம் மெர்வ். புதன்கிழமை நம்ம அரங்கத்துல ஒரு நிமிஷ மௌனம். அப்புறம் லோர்ன் அப்பா நினைவா ஒரு தனிச்சுற்று. டூவால் சகோதரர்கள் ஒத்துக்கிட்டாங்க, பெரிய மனசு. மௌனத்துக்கும் அவங்களே விளம்பரதாரர். சைலென்சர் பாரு, பொருத்தமாயிருக்கு." அன்று அவர் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். போனை வைத்துவிட்டேன்.

லோர்ன் திங்கட்கிழமை காலை முதல் விமானத்தில் வந்தான். அதே கோட்டு, அதே டை. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த அறைக்கு மேலே ஏறி வந்தான். கட்டிலில் புதுவிரிப்பு போட்டிருந்தார்கள். நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பாத்தாரா மெர்வ்?"

"பாத்தார்."

"என்னத்தப் பாத்தார்? நான் மேல சோளப்பொரி தின்னுட்டு இருந்தேன்."

அவனிடம் சொல்லிவிட்டேன். சத்தத்தை அடைத்ததும், நான் இட்டுக்கட்டிச் சொன்னதும், அப்பா கையைப் பிடித்துக்கொண்டதும், எல்லாம். எழுந்து என்னை ஒரு அறை விடுவான் என்று காத்திருந்தேன். விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். 

"எந்த மூலை?" என்றான்.

"இடது மூலை."

"இடிச்சானா?"

"பயங்கரமா இடிச்சான். நீ விழல."

"பக் கெடச்சுதா?"

"கெடச்சுது. நடுவுல கொடுத்தே. கோல் விழல."

"விழாது" என்றான். டையைத் தளர்த்திவிட்டு, பெரிய உடம்பை மடக்கி, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டான். பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"முதல்லேருந்து சொல்லுங்க மெர்வ்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவனைப் பலகையைத் தாண்டிக் குதிக்க வைத்தேன்.